தேவசகாயம்: காற்றாடிமலையிலிருந்து ரோம் வரை 270 ஆண்டுகள்

2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் ரோமில் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. குமரி மாவட்டத்தாருக்கு இதில் புதுமை குறைவு. ரோம் முடிவெடுக்கக் காத்திராமல், தலைமுறை தலைமுறையாக அவரிடம் நேர்ச்சை வைத்து வந்தவர்கள் அவர்கள்.

1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவலர். 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு, பிறகு மன்னரின் படைத்தலைவராகவே ஆன டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பரானார். அந்த நட்பின் வழியே கிறித்தவம் அறிமுகமாயிற்று. 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குக் கொடுத்தார். மதம் மாறியதற்கு விலையாகச் சிறையும் சித்திரவதையும் கிடைத்தன. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எலும்புகள் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

ஆவணங்கள் இவ்வளவில் நிற்க, மக்கள் நினைவு வேறு தடத்தில் ஓடியது. எருக்கம்பூ மாலையிட்டு எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவரை இழுத்துச் சென்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. தாகத்தில் தவித்தவர் முழங்கையால் இடிக்க நீர் சுரந்ததாம்; புலியூர்க்குறிச்சியில் அந்த இடம் முட்டிடிச்சான் பாறை. காற்றாடிமலையில் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் கல் மணியடிச்சான் பாறை. வரலாற்றாசிரியர் இவற்றைச் சான்றாக ஏற்கத் தயங்கலாம். ஆனால் ஒருவர் மக்கள் மனத்தில் புனிதராவது இப்படிப்பட்ட கற்களில்தான்.

திருச்சபைச் சட்டமோ கறாரானது. ரோமின் ஒப்புதல் பெறாதவருக்குப் பொது வழிபாடு கூடாது என்று போப் எட்டாம் உர்பான் 17ஆம் நூற்றாண்டிலேயே தடை விதித்திருந்தார். 1756இல் கொச்சி ஆயர் தேவசகாயத்தின் மரணம் பற்றி ரோமுக்கு அறிக்கை அனுப்பினார். 1780இல் கேரளத்திலிருந்து ரோம் சென்ற கரியாட்டில் யோசேப்பும் பாறேம்மாக்கல் தோமாவும் அவருக்குப் புனிதர் பட்டம் கோரி விண்ணப்பித்தனர். பிறகு நெடுங்காலம் கோரிக்கை நகரவில்லை.

இங்கே அருளானந்தரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1693இல் ஓரியூரில் வெட்டுண்ட இந்தப் போர்ச்சுக்கல் குரு 1853இல் அருளாளராகவும் 1947இல் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அவருக்காக வாதாட இயேசு சபை இருந்தது; தேவசகாயம் எந்தச் சபையிலும் சேராத குடும்பஸ்தர். காலதாமதத்துக்கு இதுவும் ஒரு பெருங்காரணம் என்று கொள்வதே பொருந்தும். 2012 டிசம்பர் 2 அன்றுதான் நாகர்கோவிலில் அவர் அருளாளர் ஆனார்.

இடைப்பட்ட காலத்தில் பக்தியைக் காத்ததில் நாடகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. தேவசகாயம் பிள்ளை நாடகம் தென்தமிழகக் கத்தோலிக்க ஊர்களில் மேடையேறியது. இலங்கையின் வடபுலத்தில் அதே கதை நாட்டுக்கூத்தானது. விலங்கிட்ட கைகளோடு மண்டியிட்டுச் செபிக்கும் குடுமிக்காரராக அவரது உருவமும் சுரூபங்களில் நிலைபெற்றது.

பட்டமளிப்பை ஒட்டி ஒரு சர்ச்சையும் எழுந்தது. பெயரோடு சாதிப் பட்டம் வேண்டாம் என்ற எதிர்ப்பை ஏற்று, வத்திக்கான் ‘பிள்ளை’யை நீக்கியது. நியாயமான முடிவு. கூத்தும் நாடகமும் மட்டும் இன்னும் பழைய பெயரிலேயே அறியப்படுகின்றன.