பட்டி

ஓசூரில் பேருந்து ஏறி அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பகரம் ஹகரமாகிவிடும். இந்தப் பக்கம் போச்சம்பள்ளி. அந்தப் பக்கம், ஓசூர் சாலையிலேயே, பொம்மனஹள்ளி. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு. அதே கணக்கில் நம் பட்டி அவர்களுக்கு ஹட்டி.

ஆடு மாடுகளை இரவில் அடைக்கும் வேலியிட்ட இடமே பட்டி. அடைத்த இடத்தருகே ஆள் தங்கினான், குடிசை எழுந்தது, பட்டி ஊராயிற்று. நாகரசம்பட்டி போன்ற பெயர்களின் வால் அதுதான். நீலகிரிப் படகர்களின் ஊர்களும் ஹட்டிகளே.

பட்டி இருந்தால் காவல் நாயும் இருக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று ஊரைச் சொல்லி நாயை அழைப்பது நம் வழக்கம். அயர்லாந்தின் வுல்ஃப்ஹவுண்டோ ஓநாய் வேட்டை நாய். ஓநாய் அங்கே 18ஆம் நூற்றாண்டோடு அற்றுப்போயும் பெயர் வேலையை விடவில்லை. பட்டிநாய் என்ற நம் சொல்லும் அந்த வகையாகவே தோன்றுகிறது, அதைத் தெருநாய்க்கான வசவாக்கியது பெரும் அநியாயம்!

கிருஷ்ணகிரிக்குத் தென்கிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல். எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தியின் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாம். அதன் பெயர் கோவிவன்.

மலையாளத்தில் பட்டி என்றாலே நாய்.