கதையில் அவர்கள் ஏன் சாக வேண்டும்?

செமஸ்டர் லீவில் மலிண்டா லோ எழுதிய 'எ லைன் இன் தி டார்க்' நாவலைப் படித்தேன். 2017ல் வந்தது. யாரோடும் ஒட்டாமல் படக்கதை வரைந்துகொண்டிருக்கும் சீன அமெரிக்கப் பெண் ஜெஸ் வாங். அவள் மனதுக்குள்ளேயே காதலிக்கும் தோழி ஆஞ்சி. ஆஞ்சி காதலிப்பதோ மார்கோ என்ற இன்னொரு பெண்ணை. நடுவில் ஒரு சாவு, அப்புறம் போலீஸ் விசாரணை. முடிவைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்!

படித்து முடித்ததும் ஒரு சந்தேகம். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகள் வரும் கதைகளில் மட்டும் ஏன் இத்தனை சாவு, இத்தனை அழுகை? தேடினால் அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. அதில் தபால் துறைக்கும் பங்கு உண்டு!

1952ல் மரிஜேன் மீக்கர் என்ற இளம் எழுத்தாளர் 'வின் பேக்கர்' என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' எழுதினார். கல்லூரி மாணவிகள் இருவரின் காதல் கதை. பதிப்பாசிரியர் போட்ட நிபந்தனை: முடிவு சந்தோஷமாக இருக்கக் கூடாது. இருந்தால் அமெரிக்கத் தபால் துறை ஆபாசம் என்று சொல்லிப் புத்தகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒருத்திக்கு மனநிலை பிறழ்கிறது, மற்றவள் அந்தக் காதலையே மறுத்துவிடுகிறாள். புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

நம்ம பி.காம். மொழியில் சொன்னால் இரட்டைப் பதிவு முறைதான். காதலைப் பற்றில் எழுதினால், எதிரே வரவில் ஒரு தண்டனையை எழுதிக் கணக்கை நேர் செய்ய வேண்டும்.

பதின்ம வயதினருக்கான நாவல்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. 1969ல் ஜான் டோனவன் எழுதிய நாவலில் 13 வயது டேவி தன் நண்பனை முத்தமிடுகிறான். பிறகு அவன் உயிராய் வளர்த்த நாய் காரில் அடிபட்டுச் சாகிறது. தான் செய்த தப்புக்குத்தான் இந்தத் தண்டனை என்று அந்தப் பையன் நினைக்கிறான். 1974ல் சாண்ட்ரா ஸ்கோப்படோனின் நாவலில், காதலர்களான இரண்டு பையன்களை நண்பர்களே கேலி செய்து வதைக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கார் விபத்தில் போய்ச் சேர்கிறான்.

1982ல் நான்சி கார்டன் 'ஆனி ஆன் மை மைண்ட்' எழுதினார். இரண்டு பள்ளிப் பெண்கள் காதலிக்கிறார்கள். யாரும் சாகவில்லை, கடைசியில் சேர்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் 1993ல் கன்சாஸ் சிட்டியில் அதைக் கொளுத்தினார்கள். பக்கத்து ஊரான ஒலேத்தாவில் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாணவர்களும் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1995ல் கூட்டாட்சி நீதிமன்றம் புத்தகத்தைத் திருப்பி வைக்கச் சொன்னது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். சோக முடிவு எழுத வைக்கப்பட்ட அதே மீக்கர், எம்.ஈ. கெர் என்ற பெயரில் 1994ல் 'டெலிவர் அஸ் ஃப்ரம் ஈவி' எழுதினார். விவசாயக் குடும்பத்துப் பெண் ஈவி தன் காதலியோடு ஊரைவிட்டுப் போய் வாழ்கிறாள். மீக்கருக்கு 42 வருஷம் ஆயிற்று! 1974ல் அந்தப் பையனைச் சாகவிட்ட ஸ்கோப்படோன், 1991லிருந்து பெண்ணைக் காதலிக்கும் ஒரு பெண்ணையே துப்பறிவாளராக வைத்து நாவல் வரிசை எழுதினார்.

மர்மக் கதையில் சாவு இருந்தால் என்ன மாறிவிட்டது என்று கேட்கலாம். பழைய கதையில் சாவுதான் தீர்ப்பு, அதற்கு மேல் பேச்சே இல்லை. மர்மக் கதையில் சாவு ஒரு கேள்வி. யார் காரணம், யார் பொய் சொன்னார்கள், யார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டே ஆக வேண்டும்.

எட்டாம் வகுப்பில் எங்களோடு ஒருவன் படித்தான். நடை, பேச்சு எல்லாவற்றையும் கேலி செய்வோம். அரைப் பரீட்சை லீவுக்குப் பிறகு அவன் வரவில்லை. டி.சி. வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஏன் என்று ஆசிரியரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஜெஸ் வாங்கின் கதையைப் படிக்கும்போது அவன் ஞாபகம்தான் வந்தது. அந்த வகுப்பில் ஒரு விசாரணை நடந்திருந்தால், சிரித்தவர்கள் பட்டியலில் என் பெயரும் இருந்திருக்கும்.