கொயினா மருந்தும் மோல் கணக்கும்

தெப்பக்காட்டிலிருந்து உதகைக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு. மசினகுடி வழியாகச் சீகூர் மலைச்சரிவில் ஏறுவது ஒன்று. கூடலூர், நடுவட்டம் வழியாகச் செல்வது மற்றொன்று. முதல் பாதை நோயின் வரலாற்றைச் சேர்ந்தது. 1897ஆம் ஆண்டு உதகைக்கு விடுப்பில் வந்த மருத்துவர் ரொனால்ட் ராஸ், மலேரியாவை ஆராயச் சீகூர்ச் சரிவில் இறங்கி, அதே காய்ச்சலுக்குத் தாமும் ஆளானார். அவ்வாண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில்தான் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை அவர் கண்டறிந்தார்.

இரண்டாம் பாதை மருந்தின் வரலாற்றைச் சேர்ந்தது. தென்னமெரிக்காவிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் கொணர்வித்த சிங்கோனாவை, 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தவர் உதகைத் தாவரவியல் பூங்காவின் மேற்பார்வையாளர் மெக்கைவர். நடுவட்டத் தோட்டத்தில் சீனக் கைதிகளும் உழைத்தனர். அவர்களுடைய வியர்வையை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. 1866இல் பிராட்டன் என்னும் வேதியியலர் பட்டையை ஆராய நியமிக்கப்பட்டார். பின்னாளில் அங்கு அரசாங்கக் குயினைன் தொழிற்சாலையும் நடைபெற்றது.

பட்டைத்தூளைச் சுண்ணாம்புடன் கலந்து எண்ணெயில் குயினைனைப் பிரித்து, நீர்த்த கந்தக அமிலத்தில் சேர்த்தால் குயினைன் சல்பேட் படிகமாகும். இவ்வளவு குயினைனிலிருந்து எவ்வளவு சல்பேட் கிடைக்கும்? பதினோராம் வகுப்பில் நம் பிள்ளைகள் திணறும் அதே கணக்குத்தான். எடையிலிருந்து எடைக்கு நேராகத் தாவ இயலாது. ஏனெனில் வேதிவினையில் கூடுவன மூலக்கூறுகள், அவை எண்ணிக்கையால் கூடுகின்றன. ஆகவே எடையை முதலில் மோலாக்க வேண்டும்.

ஒரு கிலோ பட்டையில் 50 கிராம் குயினைன் இருப்பதாகக் கொள்வோம். அதன் மூலக்கூறு நிறை 324. 50ஐ 324ஆல் வகுத்தால் 0.154 மோல். குயினைன் மூலக்கூறுகள் இரண்டு, கந்தக அமில மூலக்கூறு ஒன்றுடன் சேர்ந்தே ஒரு சல்பேட்டாகின்றன. எனவே விளைபொருள் பாதி, அதாவது 0.077 மோல். (வாரிசுரிமைப் பங்குகளைக் கணக்கிட்டுப் பழகியவர்க்கு இந்த விகிதம் அந்நியமாகத் தோன்றாது.) படிகத்திலுள்ள இரண்டு நீர் மூலக்கூறுகளையும் சேர்த்துச் சல்பேட்டின் நிறை 782. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 60 கிராம். இது கணக்கு தரும் உச்ச அளவு. ஆலையில் சிந்தியதும் சிதறியதும் போக அதனினும் குறைவாகவே கைக்கு வரும்.

மோல் எண்ணிக்கை பாதியாகியும் எடை 50இலிருந்து 60ஆகக் கூடியது ஏன் என்று மாணவர் வினவுவர். கூடிய பத்துக் கிராமும் அமிலமும் நீருமே. காய்ச்சலைத் தணிக்கும் குயினைன் அதே 50தான்.

நோயாளிக்கு இது ஏட்டுக்கணக்கன்று. அமிலத்தை இன்னும் மிகுத்தால் ஒரு குயினைனுக்கு ஓர் அமிலம் என்ற விகிதத்தில் பைசல்பேட் உருவாகிறது. அதன் படிகத்தில் ஏழு நீர் மூலக்கூறுகள், நிறை 548. 600 மில்லிகிராம் சல்பேட்டில் ஏறத்தாழ 497 மில்லிகிராம் குயினைன் உண்டு; அதே எடைப் பைசல்பேட்டில் 355 மட்டுமே. இரண்டும் வெண்மை, இரண்டும் கசப்பு. தராசும் ஒரே எடையையே காட்டும். பெயரைப் பாராமல் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்தால் நோயாளிக்குச் சேர வேண்டிய மருந்தில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதனால்தான் 100 மில்லிகிராம் தூய குயினைனுக்குச் சல்பேட்டாயின் 121, பைசல்பேட்டாயின் 169 என்று மருந்துக் கையேடுகள் இணையெடைகளைத் தனித்தனியே குறித்து வைக்கின்றன.