கலைமான் போர்வை

கிறிஸ்துமஸ் கதைகளிலேயே உலகம் முழுக்கத் தெரிந்தது சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. 1843 டிசம்பரில் வெளிவந்தது. கஞ்சன் ஸ்க்ரூஜ், அவனைத் திருத்த வரும் ஆவிகள் என்று சினிமாவாகவும் கார்ட்டூனாகவும் நாமே பலமுறை பார்த்திருப்போம். அதில் பலரும் மறந்துவிடும் ஒரு காட்சி உண்டு. ஸ்க்ரூஜ் செத்துக் கிடக்கும் எதிர்காலத்தைக் கடைசி ஆவி காட்டுகிறது. அவன் வீட்டு வேலைக்காரியும் சலவைக்காரியும் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு பழைய ஜோ என்கிற காயலான்கடைக்காரனிடம் விற்க வருகிறார்கள். மூட்டையில் என்ன இருக்கிறது? இரண்டு வெள்ளி ஸ்பூன் மாதிரியான சில்லறைச் சாமான்களை விட்டால் மற்றதெல்லாம் துணிதான். படுக்கை விரிப்பு, துண்டு, கம்பளி, கட்டிலைச் சுற்றித் தொங்கிய திரைச்சீலை. திரைச்சீலையை வளையங்களோடு உருவி வந்திருக்கிறாள், பிணம் கட்டிலில் கிடக்கும்போதே. ஜோ ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து விலை போடுகிறான். கதையின் முடிவில் உயிரோடு கண்விழிக்கும் ஸ்க்ரூஜ், திரைச்சீலை இன்னும் தொங்குகிறது என்பதை வைத்துத்தான் தான் பிழைத்ததை உறுதிசெய்துகொள்கிறான்.

இந்தக் காட்சியை எனக்கு நினைவூட்டியது என் அக்காவின் வாட்ஸ்அப் செய்தி. அவள் லெஸ்டரில் இருக்கிறாள். பிள்ளைகளுக்கு ஏழு வயது, நாலு வயது. அக்டோபர் மாதமே சூப்பர்மார்க்கெட்டில் கலைமானும் பனிமனிதனும் போட்ட போர்வை உறைகள் அடுக்கிவிட்டார்களாம். "ஸ்கூல்ல எல்லார் வீட்லயும் இருக்காம். ஒரு மாசம்தான் போடப்போறோம், வாங்கலாமாடா? ரெண்டு பேருக்கும் சேர்த்தா ஒரு வாரக் காய்கறிக் காசு." ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்கக்கூடிய கேள்விதான். ஆனால் நாங்கள் இருவரும் கரூரில் பிறந்தவர்கள். துணி பற்றிய கேள்விக்கு எங்கள் ஊரில் யாரும் சுருக்கமாகப் பதில் சொல்லமாட்டார்கள்.

முதலில் ஒன்று: ஒரு மாதத்துக்கென்று தனி விரிப்பு என்பது ஐரோப்பாவின் பெரும்பகுதி வரலாற்றில் யாருக்கும் புரிந்தே இருக்காது. இயந்திரம் வருமுன் ஒரு விரிப்புக்கான நூலைக் கையால்தான் நூற்க வேண்டும். ஒரு நெசவாளிக்கு வேலை ஓயாமல் நூல் கொடுக்கப் பல பெண்கள் உட்கார்ந்து நூற்க வேண்டியிருந்தது. அதனால் படுக்கைத் துணி என்பது சொத்து. பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பார்கள், மூலையில் பெயரெழுத்தும் எண்ணும் தைத்து வைப்பார்கள், உயிலில் எழுதுவார்கள். ஷேக்ஸ்பியர் 1616-இல் எழுதிய உயிலில் மனைவிக்கு வீட்டின் இரண்டாவது நல்ல கட்டிலை அதன் சாமான்களோடு விட்டுச் சென்றார். அதைப் படித்துவிட்டு மனைவியை அவமானப்படுத்திவிட்டார் என்று வெகுகாலமாகச் சண்டை நடக்கிறது. இரண்டாவது கட்டிலும்கூடப் பெயர் சொல்லி எழுதத்தக்க பொருளாக இருந்தது என்பதுதான் எனக்கு அதில் சுவாரசியம்.

அந்தக் கட்டில்கள் மேல் படம் எப்போது ஏறியது? இங்கேதான் நம் கடற்கரை வருகிறது. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சரக்கில் 'பாலம்போர்' என்றொரு துணி இருந்தது. பலங்போஷ், அதாவது கட்டில் போர்வை என்ற சொல்லின் சிதைவு அது. கலம்காரி முறையில் கையால் வரைந்து சாயமேற்றிய பெரிய பருத்தித் துணி. நடுவில் கிளைவிரித்து நிற்கும் ஒரு மரம், அதில் இல்லாத பூவெல்லாம் பூத்திருக்கும். கிறிஸ்துமஸ் மரம் இங்கிலாந்தில் பிரபலமானது 1848-இல் விக்டோரியா ராணி குடும்பத்தின் மரத்தைப் பத்திரிகை படமாகப் போட்ட பிறகுதான். அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே மச்சிலிப்பட்டினத்து மரம் அவர்கள் கட்டிலில் ஏறிவிட்டது.

படத்தைவிட அவர்களை அசத்தியது அதன் சிவப்பு. சாயவேரும் படிகாரமும் சேர்ந்து பருத்தியில் பிடித்த சிவப்பு துவைக்கத் துவைக்கப் போகவில்லை. ஐரோப்பியச் சாயக்காரர்களுக்கு அந்த வித்தை வெகுகாலம் கைகூடவில்லை. விளைவு, லண்டனின் கம்பளி நெசவாளர்களும் பட்டு நெசவாளர்களும் தெருவில் இறங்கினார்கள். இந்தியத் துணி உடுத்திய பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள். பாராளுமன்றம் 1700-இல் அச்சிட்ட, வரைந்த பருத்தித் துணிகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. போதவில்லை என்று 1721-இல் இன்னொரு சட்டம்: அப்படிப்பட்ட துணியை உடுத்தவும் கூடாது, கட்டிலிலோ நாற்காலியிலோ ஜன்னலிலோ போடவும் கூடாது. நடைமுறைக்கு வந்த நாளைக் கவனியுங்கள்: 1722 டிசம்பர் 25-க்குப் பிறகு. அந்தக் கிறிஸ்துமஸோடு இங்கிலாந்தில் படம் போட்ட பருத்திப் போர்வை சட்டவிரோதமானது! 1774-இல்தான் இதைத் தளர்த்தினார்கள், அதுவும் தங்கள் நாட்டிலேயே செய்த பருத்தித் துணிக்காக. நாடக நடிகர் டேவிட் காரிக்கின் மனைவிக்கு அன்பளிப்பாக வந்த மச்சிலிப்பட்டினத் துணியைச் சுங்கக்காரர்கள் பிடித்துவைத்துக்கொள்ள, காரிக் அதை மீட்கக் கெஞ்சிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கட்டில் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிறகு நடந்தது பாடப்புத்தகக் கதை. ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன், லங்காஷயர் ஆலைகள், அமெரிக்க அடிமைகள் பறித்த பஞ்சு. துணி மலிந்தது. ஆனால் விரிப்பு மட்டும் வெள்ளையாகவே நின்றுவிட்டது. காரணம் எளிது. சோடா போட்டுக் கொதிக்கவைத்துத்தான் வெளுத்தார்கள், அதற்குத் தாங்கும் நிறங்கள் குறைவு. 1878 ஜனவரியில் ஃபிலடெல்பியாவின் ஜான் வானமேக்கர் தன் கடையில் 'ஒயிட் சேல்' என்று ஒரு தள்ளுபடி விற்பனையைத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் முடிந்து கடை காலியாகக் கிடக்கும் மாதத்தில் ஆட்களை வரவைக்க விரிப்பையும் துண்டையும் விலை குறைத்தார். எல்லாம் வெள்ளை, அதனால் அந்தப் பெயர். மற்ற கடைகளும் பிடித்துக்கொண்டன. ஆக, அமெரிக்க வீடுகளுக்குப் படுக்கைத் துணி வாங்கும் பருவம் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது கிறிஸ்துமஸ் முடிந்த பின் வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் உதவும்.

கட்டிலுக்கு மறுபடி படம் வந்ததற்குக் காரணம் டூவே. நம் ஊர் ரஜாய் மாதிரி இறகோ பஞ்சோ அடைத்த தடித்த போர்வை. அதற்கு முன் இங்கிலாந்துக் கட்டிலில் அடி விரிப்பு, மேல் விரிப்பு, இரண்டு மூன்று கம்பளி, அதன் மேல் ஓர் அலங்காரத் துணி. காலையில் ஒவ்வொன்றாக இழுத்து மெத்தைக்கடியில் செருகி முடிப்பதற்குள் பெண்களுக்கு இடுப்பு விட்டுவிடும். டெரன்ஸ் கான்ரன் ஸ்வீடனில் டூவேயைப் பார்த்துவிட்டு வந்து, 1964-இல் லண்டன் ஃபுல்ஹாம் ரோட்டில் திறந்த ஹாபிடாட் கடை வழியாக ஆங்கிலேயர்களுக்குப் பழக்கினார். பத்து நொடியில் படுக்கை தயார் என்பதுதான் விளம்பரமே. உதறிப் போட்டால் முடிந்தது.

யாரும் அன்று யோசிக்காத பக்கவிளைவு ஒன்று. டூவேக்கு உறை வேண்டும். டபுள் கட்டில் உறை இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் ஆகப்பெரிய பரப்பு அதுதான். ஐந்து அடுக்குப் படுக்கை ஒரே அடுக்காகி, அந்த அடுக்கு சுவரொட்டி ஆகிவிட்டது. சுருள் திரையில் நிற்காமல் அச்சிடும் ரோட்டரி இயந்திரத்தை 1963-இல் நெதர்லாந்தின் ஸ்டார்க் நிறுவனம் கொண்டுவந்திருந்தது. 1941-இலேயே கண்டுபிடித்த பாலியஸ்டரைப் பருத்தியோடு கலந்து, இஸ்திரி வேண்டாத துணியும் வந்திருந்தது. 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' படம் வந்ததும் பிள்ளைகளின் படுக்கையிலும் விண்கலங்கள் பறந்தன. குழந்தையின் படுக்கை அதன் விருப்பத்தைச் சொல்லும் இடமாகிவிட்டால் டிசம்பரில் அங்கே கலைமான் வந்து நிற்பதற்கு என்ன தடை? விலை ஒன்றுதான். அதுவும் 2005 ஜனவரி 1-இல் போனது. 1974-இலிருந்து பணக்கார நாடுகள் துணி இறக்குமதிக்கு வைத்திருந்த கோட்டா முறை அன்றோடு முடிந்தது. சீனா, பாகிஸ்தான், இந்தியா, பங்களாதேஷ் என்று போட்டிபோட்டுத் தைத்துக் கொடுக்க, பண்டிகைப் போர்வை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் விலைக்கு வந்தது.

சரி, இப்ப கணக்கு. ஒரு செட் 20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 1-இல் போட்டு, அலங்காரமெல்லாம் இறக்கும் ஜனவரி 6 வரை வைத்தால் 37 இரவு. ஒரு வருடத்தோடு தூக்கிப்போட்டால் இரவுக்கு 54 பென்னி. மூன்று வருடம் வந்தால் 18 பென்னி. அதே 20 பவுண்டுக்கு ஒரு சாதாரண செட் வாங்கி, இன்னொன்றோடு மாற்றி மாற்றி ஐந்து வருடம் போட்டால் ஏறக்குறைய 900 இரவு. இரவுக்கு இரண்டு பென்னிதான். காசு கணக்கில் கலைமான் தோற்றுவிடுகிறது. அக்காவுக்கு இதை அனுப்பியதும், "இதுக்குத்தான் உன்கிட்ட கேட்டேனா" என்றாள்.

இன்னொரு சிக்கலையும் அவளே சொன்னாள். இங்கிலாந்து டிசம்பரில் வெயில் கிடையாது. டூவே உறையைத் துவைத்தால் ஹீட்டர் மேல் தொங்கவிட்டுக் காய ஒன்றிரண்டு நாள். அதனால் ஒரே செட்டை வைத்து மாதம் முழுக்க ஓட்ட முடியாது, நடுவில் பழைய கோடு போட்ட உறை வந்தே தீரும். 37 இரவு என்பது நிஜத்தில் இருபத்தைந்துதான்.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த வீட்டிலும் ஒரு கட்டிலுக்கு இரண்டு மூன்று செட் எப்படியும் தேவை. கிழிந்துபோன மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பண்டிகை செட் வந்தால் அது செலவே இல்லை, ஜனவரி பிப்ரவரியிலும் போட்டுக்கொள்ளலாம். மார்ச் மாதம் பனிமனிதன் மேல் படுத்தால் போலீஸ் பிடிக்காது. இருக்கிற மூன்றுக்கு மேல் நான்காவதாக வந்தால்தான் வீண். அடுத்து, அளவு. குழந்தைக் கட்டிலுக்கான 120க்கு 150 சென்டிமீட்டர் உறை இரண்டு டிசம்பருக்கு மேல் தாங்காது, பிள்ளை வளர்ந்துவிடும். நாலு வயதுக்காரனுக்கும் 135க்கு 200 சிங்கிள் அளவே சரி. (ஒரு வயதுக்குக் கீழே டூவேயே கூடாது என்பது அங்கே கொடுக்கும் அறிவுரை.) அப்பா, அம்மா, நாய் எல்லோருக்கும் ஒரே மாதிரி செட் என்பது கடைக்காரர்களின் ஆசை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிள்ளைகளுக்கு இந்தப் போர்வையின் நிஜமான மதிப்பு முதல் வருடத்தில் இல்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, போன வருடக் கலைமானைப் பார்த்து, அதன் மூக்கில் தான் சிந்திய சாக்லேட் கறையைக் கண்டுபிடிக்கும் இரண்டாவது வருடத்தில்தான் அது பண்டிகைப் பொருள் ஆகிறது. வருடாவருடம் புதுசு வாங்கும் வீட்டுக்கு அது கிடைக்காது. ஒரே சீசனில் நூல் பிசிறி உருண்டு உருண்டு போகும் மலிவுத் துணியை வாங்கும் வீட்டுக்கும் கிடைக்காது. பழைய ஜோ இன்று இருந்தால் அந்த மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டான்.

இதை அக்காவுக்குச் சொல்லும்போதே எனக்குக் கரூர்ப் பக்கமும் ஒரு கண் இருந்தது. அவள் ஒரு செட்டை மூன்று வருடம் வைத்திருந்தால் நல்லது என்று சொல்கிற நான், வருடாவருடம் ஆர்டர் வந்தால்தான் அடுப்பெரியும் ஊரைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் சரக்கு என்றால் பெரும்பாலும் சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, ஏப்ரன், தலையணை உறை. படுக்கை விரிப்பும் உண்டு. வருடத் தொடக்கத்தில் சாம்பிள், அக்னி நட்சத்திரத்தில் தையல், ஆகஸ்ட் செப்டம்பருக்குள் தூத்துக்குடி. நாற்பது டிகிரி வெயிலில் ஷெட்டுக்குள் உட்கார்ந்து பனித்துளி டிசைனில் நூல் பிசிறு வெட்டும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவர்களுக்குப் பீஸ் ரேட். அடர்சிவப்பு ஆர்டர் வந்தால் சாயப்பட்டறையில் முனகுவார்கள், துணியில் ஒட்டாத சாயத்தை அலசிப் போக்க மற்ற நிறங்களைவிட அதிகத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதை நொய்யலைக் கேட்டால் தெரியும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. அந்த நொய்யல் காவிரியில் கலப்பது கரூர் மாவட்டத்தில்.

2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது கிறிஸ்துமஸ் சரக்கு கப்பலேற வேண்டிய பருவம். அன்று நெசவாளர்கள் தெருவில் இறங்கிப் பெற்ற தடையை இம்முறை ஒரு கையெழுத்தில் முடித்துவிட்டார்கள்.

அக்காவுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: இந்த டிசம்பர் வேண்டாம், ஜனவரி தள்ளுபடியில் வாங்கு. ஒரு பக்கம் கலைமானும் மறுபக்கம் வெறும் சிவப்புக் கட்டமும் உள்ள இருபக்க உறையாகப் பார். பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒன்றொன்று, சிங்கிள் அளவு. பிள்ளைகள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்களாம். ஜனவரி இரண்டாம் வாரம் பாதி விலைக்குக் கிடைத்தது. கட்டிலில் விரித்துப் படம் அனுப்பினாள், கூடவே லேபிளையும். 52 சதவீதம் பாலியஸ்டர், 48 சதவீதம் பருத்தி, மேட் இன் பாகிஸ்தான். கீழே, "நம்மூரு இல்லடா" என்று எழுதியிருந்தாள்.