கையெழுத்துக்குப் பதிலா ஒரு சிலேட்டு

போன வாரம் ஆபீஸ்ல ஒரு லாகின் பக்கத்துக்காக ரெண்டு மணி நேரம் மீட்டிங். ஓடிபி வரலைன்னா யூசர் என்ன பண்ணுவார்? அதான் கேள்வி. எனக்கு 1974 அகமதாபாத் ஞாபகம் வந்துச்சு. இதே மாதிரி ஒரு சிக்கலை அங்கே தீர்த்தவங்க இன்ஜினியர்கள் இல்லை. காய்கறி விக்கிறவங்க, கைவண்டி இழுக்கிறவங்க, பழைய துணி வாங்கிட்டுப் பாத்திரம் குடுக்கிறவங்க.

இந்தப் பெண்களுக்காக இலா பட் என்ற வழக்கறிஞர் 1972-ல் தொடங்கின தொழிற்சங்கம்தான் சேவா. அவங்களோட பெரிய தலைவலி முதல். காலையில 50 ரூபாய் கடன் வாங்கி, சாயங்காலம் 55 ரூபாயா திருப்பணும். ஒரு நாளைக்கு 10 சதவீதம். வருஷத்துக்குப் பெருக்கினா 3,650 சதவீதம், அதுவும் கூட்டு வட்டி போடாமலே! வட்டி, சரக்கு விலை, அழுகிப்போறது எல்லாத்தையும் மனக்கணக்குல கழிச்சு, மிச்சத்துல குடும்பம் நடத்தினவங்களை 'நிதி அறிவு இல்லாதவங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆச்சு. ஏழைகளுக்கும் கடன் தரணும்னு அரசு சொன்னது. சேவா தன் உறுப்பினர்களைக் கூட்டிட்டுப் போச்சு. ஆனா வங்கி திறந்திருக்கிற நேரம்தான் அவங்களுக்கு வியாபார நேரம். இடுப்புல குழந்தை, அழுக்குப் புடவை, கவுன்டர்ல முகச்சுளிப்பு. 1973 கடைசியில நடந்த ஒரு கூட்டத்துல, பழைய துணி வியாபாரி சந்தாபென் கேட்டாங்க: நாமளே ஒரு வங்கி வெச்சா என்ன? நம்மகிட்ட பணம் இல்லையேன்னு இலா பட் தயங்க, ஏழைங்கதான், ஆனா எவ்வளவு பேர் இருக்கோம்னு பதில் வந்துச்சு.

ஆளுக்கு 10 ரூபாய் பங்கு, 4,000 பெண்கள். கூட்டுறவுப் பதிவாளர் ஒத்துக்கலை. எழுதப் படிக்கத் தெரியாதவங்க வங்கி நடத்த முடியுமான்னு கேட்டார். கையெழுத்துப் போடத் தெரியாத அமைப்பாளர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினாங்க. 1974 மே மாசம் வங்கி பதிவாச்சு.

சரி, அமைப்பாளர்கள் பழகிட்டாங்க. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள்? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கணக்கு எண் எழுதின சிலேட்டைக் கையில பிடிச்சபடி அந்தப் பெண்ணை ஒரு போட்டோ எடுத்தாங்க. முகமும் நம்பரும் ஒரே படத்துல. அதுதான் அடையாளம். கையெழுத்தே வேண்டாம். ஆதாருக்கும் வீடியோ கேஒய்சி-க்கும் பல வருஷம் முன்னாடி!

இன்னொண்ணு. சில பெண்கள் பாஸ்புக்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாம வங்கியிலேயே விட்டுட்டுப் போவாங்க. எவ்வளவு சேர்த்திருக்கோம்னு வீட்டுல தெரிஞ்சா, அந்தப் பணம் அன்னைக்கே கைமாறிடும்.