பனிப்பட்டம்: கயிற்றை விடக் கற்ற கதை

காலில் சறுக்குக் கட்டையோ பலகையோ மாட்டிக்கொண்டு, இடுப்பில் பூட்டிய பெரிய பட்டத்தின் இழுப்பில் பனிவெளியில் விரைவது பனிப்பட்டச் சறுக்கு. இதற்கு மலைச்சரிவு கட்டாயமில்லை, ஆளை உச்சிக்கு ஏற்றிவிடும் ரோப் காரும் வேண்டாம். உறைந்த ஏரி ஒன்று போதும். காற்று கைகொடுத்தால் மேட்டிலும் ஏறலாம். பட்டங்கள் 3 சதுர மீட்டரிலிருந்து 15 சதுர மீட்டருக்கு மேலும் பல அளவுகளில் வருகின்றன. கயிற்றின் நீளம் பெரும்பாலும் 20 முதல் 25 மீட்டர்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுப்பு நான்கு மடங்காகிவிடும். இந்த விளையாட்டுக்கான கருவிகளின் வரலாறு முழுவதும் இந்தக் கணக்கைச் சுற்றியே ஓடுகிறது. காற்றைப் பிடிக்க மனிதன் சீக்கிரமே கற்றுக்கொண்டான். பிடித்த காற்றை வேண்டாத நொடியில் விட்டுவிடும் வழியைக் கண்டுபிடிக்கத்தான் ஏறத்தாழ 180 ஆண்டு பிடித்தது.

விட முடியாத பட்டம் என்ன செய்யும் என்பதைத் தமிழர் அண்மையில்தான் கண்ணால் கண்டார்கள். யாழ்ப்பாணத்தில் பட்டம் சிறுபிள்ளை விளையாட்டு அல்ல. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நடக்கும் போட்டிக்கு ஊர் இளைஞர்கள் வாரக்கணக்கில் உழைத்து ஆளுயரத்தையும் மிஞ்சும் பட்டங்களைக் கட்டுவார்கள். அவற்றை ஏற்ற நூல் போதாது, வடம் வேண்டும். வடத்தைப் பிடிக்க ஒரு குழு வேண்டும். 2021 டிசம்பரில் அருகிலுள்ள பருத்தித்துறையில் அப்படி ஒரு பட்டத்தை ஏற்றும்போது மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, பிடியை விடாத ஓர் இளைஞர் 30 அடிக்கு மேல் தூக்கிச் செல்லப்பட்டார். பட்டம் சற்றுத் தாழ்ந்ததும் குதித்து உயிர் தப்பினார். உலகம் அந்தக் காணொளியைப் பார்த்து வியந்தது. கருவி செய்வோர் கண்ணுக்கு அதில் தெரிவது வேறு: கைப்பிடியைத் தவிர அந்தக் கயிற்றில் வேறு எந்த ஏற்பாடும் இல்லை.

பட்டத்தைக் கட்டி இழுக்கும் வேலை வாங்கிய முதல் முயற்சிகளில் நன்றாகப் பதிவானது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக் செய்தது. இரண்டு பட்டங்களைக் குதிரைகளுக்குப் பதில் பூட்டிய வண்டிக்கு 1826இல் அவர் காப்புரிமை பெற்றார். அன்றைய சாலைச் சுங்கம் குதிரைகளின் எண்ணிக்கைப்படி வசூலிக்கப்பட்டது. குதிரையே இல்லாத வண்டிக்குக் கட்டணம் கேட்க வழியில்லை. வேடிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தால், போகாக் பட்டத்தைத் திருப்ப நான்கு கயிறு பயன்படுத்தினார் என்பதே பெரிய செய்தி. இன்றைய பனிப்பட்டத்திலும் பெரும்பாலும் நான்கு கயிறுதான்.

பனிக்குக் காற்று துருவப் பயணிகள் வழியாக வந்தது. 1888இல் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்த நார்வேயர் ஃபிரிட்யோஃப் நான்சென், கடைசிக் கட்டத்தில் சறுக்குவண்டிகளை ஒன்றாகப் பிணைத்து அவற்றின் மேல் பாய் விரித்தார். தென்துருவம் நோக்கிப் போன ஷாக்கிள்டன் குழுவும் கூடாரத்தின் தரைத்துணியைப் பாயாக்கியது. ஆனால் பாய், பின்னாலிருந்து வீசும் காற்றுக்குத்தான் தோதானது. காற்றை வெட்டிக்கொண்டு பக்கவாட்டில் போக, விமான இறக்கைபோல் வேலை செய்யும் துணி வேண்டியிருந்தது.

அந்தத் துணி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1948இல் விமான ஆய்வாளர் ஃபிரான்சிஸ் ரொகாலோவும் மனைவி கெர்ட்ரூடும் வீட்டுச் சமையலறையின் பூப்போட்ட திரைச்சீலையை வெட்டி, குச்சியே இல்லாத பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். 1960களில் டொமினா ஜால்பெர்ட் இன்னொரு படி போனார். மேல்துணி, கீழ்த்துணி, இடையே வரிசையாகத் தடுப்புகள். முன்பக்கத் திறப்பில் புகும் காற்றே அறைகளை நிரப்பி இறக்கையின் வடிவத்தைத் தாங்கும். 1966இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று பாராகிளைடரில் பறப்பவரும் பனிப்பட்டத்தில் சறுக்குபவரும் ஜால்பெர்ட்டின் அறைகளை நம்பித்தான் போகிறார்கள். 1960களிலும் 70களிலும் ஜெர்மனியின் டீட்டர் ஸ்ட்ராசிலா பாராசூட் பூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் பனியில் சறுக்கிக் காட்டினார். கருவி கடைக்கு வராததால் அப்போது அது தனிமனிதர் சாகசமாகவே நின்றுவிட்டது.

துருவப் பயணிகள் காத்திருக்கவில்லை. 1989-90இல் ரைன்ஹோல்ட் மெஸ்னரும் ஆர்வெட் ஃபுக்ஸும் அண்டார்டிகாவை 92 நாளில் நடந்து கடந்தபோது காற்று வாய்த்த நாள்களில் இழுவைத் துணிகளை விரித்தார்கள். 1996-97இல் நார்வேயின் பொர்கே ஊஸ்லாண்ட் தன்னந்தனியாக அதே கண்டத்தைக் கடந்தார். 2,845 கிலோமீட்டர், 64 நாள், இழுக்க ஒரு பாய். அந்த ஆண்டுகளில்தான் நியூசிலாந்தின் பீட்டர் லின் பட்டம் இழுக்கும் மூன்று சக்கர வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். காலியான கடற்கரைகளில் அதை ஓட்டிப் பழகியவர்கள் குளிர்காலம் வந்ததும் உறைந்த ஏரிகளுக்கு மாறினார்கள்.

பட்டத்தோடு கடலில் சறுக்க நினைத்தவர்களுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. நீரில் விழுந்த துணிப்பட்டம் நனைந்து மூழ்கும், மறுபடி எழாது. பிரான்ஸின் புரூனோ, டொமினிக் லெகெனூ சகோதரர்கள் முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் வைத்த பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கேட்டார்கள். வாங்க ஆள் வர 13 ஆண்டு ஆயிற்று; 1997இல் விப்பிக்கா என்ற பெயரில் விற்பனை தொடங்கியது. அலைமேல் பட்டச் சறுக்கு பரவியதும் அதே ஆள்கள், அதே பட்டறைகள், அதே கயிறுகள் பனிக்கும் வந்தன. பனிப்பட்டத்தின் வளர்ச்சிக்குக் கடல் செலவழித்தது என்று சொன்னால் தவறில்லை.

விடும் வித்தையும் அங்கேதான் முழுமை பெற்றது. அதைப் புரிந்துகொள்ள வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் காகிதப் பட்டமே போதும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லை அது. தமிழில் பட்டம் என்பதைத் தெலுங்கர் காலிபடம் என்பார்கள், கன்னடர் காளிபட என்பார்கள். காலி, காளி இரண்டுக்கும் காற்று என்றே பொருள். பெயர் எதுவானாலும், ஆடிக் காற்றில் ஏற்றும் முன் பட்டத்தின் முதுகெலும்புக் குச்சியில் மேலும் கீழும் நூல் கட்டி, இரண்டும் சேரும் இடத்தில் முடிச்சுப் போடுவார்கள். தமிழ்நாட்டில் இது சூத்திரம், யாழ்ப்பாணத்தில் முச்சை. முடிச்சு அரை அங்குலம் கீழே இறங்கினால் பட்டம் நிமிர்ந்து காற்றை நெஞ்சில் வாங்கும். நூல் கையை அறுக்கும் அளவுக்கு இழுக்கும். மேலே ஏறினால் படுத்துக்கொண்டு காற்றை வழுக்கவிடும். எந்தக் காற்றுக்கு எந்த முடிச்சு என்பது தரையில் தீர்மானமாகிவிடும். ஏறிய பிறகு மாற்ற முடியாது.

பறந்துகொண்டிருக்கும்போதே அந்த முடிச்சை நகர்த்துவதுதான் நவீனப் பிடிகோலின் வேலை. பட்டத்தின் முன்விளிம்பிலிருந்து வரும் இரண்டு கயிறும் கோலின் நடுத்துளை வழியாக இறங்கி இடுப்புக் கொக்கியில் மாட்டப்படும். இழுப்பின் பெரும்பாரத்தை இடுப்பு தாங்கும். பின்விளிம்புக் கயிறுகள் கோலின் இரு முனைகளிலும் கட்டப்படும். கோலை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் பின்விளிம்பு தாழ்ந்து பட்டம் காற்றை முழுக்க வாங்கும். கோலை எட்டத் தள்ளினால் படுத்துவிடும். பழைய குழாய்ப் பட்டங்களில் தள்ளினாலும் இழுப்பு ஓரளவே குறைந்தது. 2005 வாக்கில் புரூனோ லெகெனூவின் வில் வடிவப் பட்டம் வந்த பிறகுதான் கோலைத் தள்ளினால் இழுப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும் நிலை வந்தது. அறை வைத்த துணிப்பட்டங்களிலும் இதே ஏற்பாடு புகுந்தது. பனிக்கென்றே உருவான ஓசோன் நிறுவனத்தின் ஃப்ரென்சி அவ்வகையில் பேர்பெற்றது.

கோலைத் தள்ளியும் அடங்காவிட்டால் கடைசிக் கருவி இருக்கிறது. இடுப்புக் கொக்கியில் மாட்டும் வளையத்துக்கு மேலே, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், ஒரு உறை. தடித்த கையுறையோடும் பற்றக்கூடிய அளவு, பார்க்காமலே தடவிக் கண்டுபிடிக்கும் இடம். உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு தள்ளு. வளையம் திறந்து பாரம் கழன்றுவிடும். பட்டம் பறந்தோடாமல் ஒற்றைக் கயிற்றில் தொங்கிப் பலமிழந்து விழும். அதுவும் போதாவிட்டால் அந்தக் கயிற்றையும் கழற்றிவிடலாம். இந்தக் கழற்றிகளுக்கான பாதுகாப்புத் தரத்தை சர்வதேசத் தர நிறுவனம் 2020இல் ஐஎஸ்ஓ 21853 என்ற எண்ணில் வெளியிட்டது.

பனிக்காரர்கள் குழாய்ப் பட்டத்தைவிட அறைப்பட்டத்தையே அதிகம் விரும்புவதற்குக் காரணம் எளிது. பம்ப் தேவையில்லை. முதுகுப்பையில் அடங்கும். கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும் காற்றுப்பை இல்லை. நீரைப்போல் பனி காலைப் பிடித்து நிறுத்தாது, அதனால் சிறிய பட்டமே போதும். மைனஸ் 20 டிகிரிக் காற்று 30 டிகிரிக் காற்றைவிட 20 விழுக்காடு அடர்த்தி கூடியது. அதே வேகத்தில் இழுப்பும் அவ்வளவு கூடும். உயரமான இடத்தில் கணக்கு தலைகீழாகும். பட்டத்தைத் தரையில் விரித்ததும் பின்விளிம்பின் மேல் நாலைந்து கை பனி அள்ளிப்போட்டு அமுக்குவார்கள். கயிறு பிரித்து மாட்டும்வரை அது காவல். தொழிற்சாலையில் செய்யாத ஒரே உபகரணம் அதுதான். கயிறு டைனீமா எனும் நெகிழியிழை, எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலியது. இழுவிசையில் அதிகம் நீளாததால் கோலின் சிறு அசைவும் பட்டத்துக்குப் போய்ச் சேரும். ஆனால் அந்த மெல்லிய கயிறு கத்தி போல் அறுக்கும். அதனால் தலைக்கவசத்தைப் போலவே கயிறறுக்கும் கொக்கிக்கத்தியும் பையில் கிடக்கும். மலைப் பக்கம் போனால் பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் டிரான்ஸீவர், மண்வெட்டி, துழாவுகோல் மூன்றும் சேரும்.

கருவி அடங்கியதும் கூட்டம் வந்தது. பிரான்ஸின் 2,058 மீட்டர் உயர லோத்தாரே கணவாய், சுவிட்சர்லாந்தின் சில்வாப்ளானா ஏரி, நார்வேயின் ஹவ்காஸ்டெல் எல்லாம் பனிப்பட்டத் தலங்களாயின. இத்தாலியின் ரெஷென் ஏரியில் ஒரு வினோதம். 1950இல் அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட கிராமத்தின் தேவாலயக் கோபுரம் மட்டும் நீர்மேல் நிற்கிறது. குளிர்காலத்தில் அதைச் சுற்றிப் பட்டங்கள் ஓடுகின்றன. ஹவ்காஸ்டெலில் 2013 முதல் நடந்த ரெட் புல் ரக்னராக் போட்டியில் 300க்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் பட்டம் கிளப்பிப் புறப்பட்டார்கள்.

தொலைதூரப் பயணிகளும் விட்டுவைக்கவில்லை. 2007 ஜனவரியில் நால்வர் குழு, பட்டங்களின் இழுப்பில், எல்லாக் கடற்கரைகளிலிருந்தும் மிகத் தொலைவான அண்டார்டிகப் புள்ளியைச் சேர்ந்தது. சோவியத் ஆய்வாளர் வைத்துவிட்டுப்போன லெனின் சிலை மட்டும் பனிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. 2010இல் கிரீன்லாந்தில் செபாஸ்டியன் கோப்லாண்டும் எரிக் மக்நேர்-லாண்ட்ரியும் ஒரே நாளில், 24 மணி நேரத்தில், 595 கிலோமீட்டர் கடந்தார்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடி அவ்வளவு தூரம்தான்.

குளிர்கால ஒலிம்பிக்கில் பனிப்பட்டத்துக்கு இடமில்லை. கடல் பட்டம் மட்டும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நுழைந்தது. அங்கு பந்தயக்காரர்கள் கையில் இருந்தவை அறைப்பட்டங்கள். அதில் வெண்கலம் வென்ற சிங்கப்பூரின் மேக்சிமிலியன் மேடருக்கு அப்போது வயது 17. அவர் வென்ற அன்று சிங்கப்பூரின் தேசிய நாள்.

தமிழ்க் கடலோரத்துக்கும் இதே கருவிகள் வந்தன. இலங்கையின் கற்பிட்டியில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றிலும், டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்றிலும் பட்டங்கள் ஏறுகின்றன. ராமேஸ்வரத்திலும் அதையடுத்த பிரப்பன்வலசையிலும் அதே இரண்டு பருவங்கள். பாக் விரிகுடாவின் ஆழமற்ற, அலை குறைந்த நீர் கற்பவர்க்கு வசதி. அங்கு பட்டம் தரையை விட்டு எழும் முன், மாணவரை வெறும் மணலில் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, சிவப்பு உறையைத் தள்ளிக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டச் சொல்கிறார்கள். கை தானாகவே அந்த இடத்துக்குப் போகும்வரை.