மாற்றுப்புடவை

1917-இல் பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில், பிதிஹர்வாவை அடுத்த ஒரு சிற்றூரில், கஸ்தூர்பா சில பெண்களிடம் ஏன் துணியைத் துவைத்துக் கட்டுவதில்லை என்று கேட்டார். கேட்டுவரச் சொன்னவர் காந்தி. அந்தப் பெண்களில் ஒருத்தி கஸ்தூர்பாவைத் தன் குடிசைக்குள் அழைத்துப்போய், வேறு துணி வைத்த பெட்டியோ அலமாரியோ எங்காவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். உடுத்தியிருந்ததுதான் அவளிடமிருந்த ஒரே புடவை. அதைத் துவைத்துப் போட்டால் காயும்வரை எதை உடுத்துவது? காந்தி இதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். அது வரலாறாகிவிட்டது. ஆண் துணியைக் குறைத்துக்கொண்டால் அது துறவு. சம்பாரண் பெண்ணுக்கோ துணியில்லாதது துறவல்ல, வெளியே தலைகாட்ட முடியாத சிறை. அதற்கும் முன்னால், தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1820-களிலிருந்து அடிபட்டார்கள். தோள்சீலைப் போராட்டம் 1859-இல் ஓர் அரசாணையில் முடிந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

மலிவுத் துணியால் பூமி கெடுகிறது என்ற பேச்சை நான் இங்கிருந்துதான் தொடங்க விரும்புகிறேன். பூமி கெடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் "அந்தக் காலத்தில் நாலு புடவையோடு வாழ்ந்தார்கள்" என்ற ஏக்கத்தில் தொடங்கி, "இந்தக் காலத்துப் பெண்களுக்குத் துணிப் பைத்தியம்" என்ற தீர்ப்பில் முடிகிறது. நாலு புடவை யாரிடம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பாட்டிமார் பலருக்கு உடுத்த ஒன்று, மாற்ற ஒன்று. அந்த இரண்டாவதுக்கு மாற்றுப்புடவை என்று பேர். பேச்சில் மாத்துப்பொடவை.

அந்த இரண்டு புடவைகளும் எத்தனை பிறவி எடுத்தன என்பதற்கு ஒரு வரலாறு எழுதலாம். யாரும் எழுதவில்லை, ஏனென்றால் அது வீட்டுக்குள் நடந்த வேலை. நூல்புடவை கிழியத் தொடங்கினால் நடுவில் வெட்டி, ஓரங்களைச் சேர்த்து மூட்டுவார்கள். நைந்த பிறகு அது பிள்ளைக்குத் தூளி. தூளியும் நைந்தால் இடுப்புத்துணி, தலையணை உறை, பாத்திரம் இறக்கும் கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. சரிகை போன பட்டை வாங்கிப்போக ஆள் வருவார். அவர் அதை எரித்து வெள்ளியை எடுப்பார். மிச்சத்துக்குப் பாத்திரக்காரம்மா உண்டு. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்து, வாங்கிய துணியைப் பிரித்து விற்ற அந்தப் பெண்கள் நடத்தியதுதான் இந்த நகரத்தின் மறுசுழற்சித் தொழில்.

இதை நான் பொற்காலமாக்க மாட்டேன். அந்தப் பழைய புடவையின் ஒரு பிறவி தீட்டுத்துணி. வெயிலில் காயப்போட முடியாமல், வேறு துணிக்கு அடியில் மறைத்து, ஈரம் போகாமல் மறுபடி கட்டியதும் இதே மறுபயன்பாடுதான். தன் வீட்டில் துவைக்காத சாதிகளுக்கு அதைத் துவைத்துக் கொடுத்தவர்கள் வண்ணார் பெண்கள். அதற்கு ஈடாகச் சலவைத் துணி கொண்டுவந்து கொடுப்பதற்கும் "மாத்து" என்றுதான் பெயர். மாற்று என்ற ஒரே சொல்லுக்குள் சிக்கனமும் சாதியும் பெண்ணின் கூலியில்லா உழைப்பும் ஒன்றாகக் கிடக்கின்றன. துணி சிக்கனத்தைப் புகழும் சூழலியல் கட்டுரைகள் மூன்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

பிறகு துணி மலிந்தது. 1983-இல் எம்.ஜி.ஆர். அரசு பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை கொடுக்கத் தொடங்கியது. நெசவாளருக்கு வேலை, ஏழைக்குத் துணி என்ற இரட்டை நோக்கம் அதற்கு. பாலியஸ்டர் வந்தது. இஸ்திரி வேண்டாம், கஞ்சி வேண்டாம், காலையில் துவைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். துவைப்பதும் கஞ்சி போடுவதும் யார் வேலை என்று தெரிந்தவர்களுக்கு, பெண்கள் ஏன் அதை ஓடிப்போய் வாங்கினார்கள் என்பது புரியும். நைட்டி வந்தது. அதன்மேல் துண்டு போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்த ஊர் இது; ஆனாலும் ஆறு கஜத்திலிருந்து வீட்டுக்குள் கிடைத்த விடுதலை அது. (நைட்டியைப் பற்றித் தமிழில் ஒரு முனைவர் பட்டமாவது வந்திருக்க வேண்டும்.) பிறகு சுடிதார், லெக்கிங்ஸ். நான் பாடம் எடுக்கும் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் வாங்கிய மலிவான மூன்று குர்த்திகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, யார் வீட்டுப் பெண் என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாதபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சமத்துவத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அதன் விலையை வேறு பெண்கள் கொடுத்தார்கள். கணக்கைத் திருப்பூரில் பார்க்கலாம். அங்கே அது நீதிமன்ற ஆவணங்களிலேயே இருக்கிறது.

பருத்தியில் அடர்நிறம் கெட்டியாகப் பிடிப்பது பழைய காலத்தில் எளிதல்ல. சோழமண்டலக் கரையின் சாயவேரும் அவுரியும் பெயர் பெற்றவை, ஆனால் நாளும் உழைப்பும் தின்பவை. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ., நாரோடு வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்ளும் சாயங்களை அறிமுகப்படுத்தியது. இன்று பருத்திப் பனியன் துணிக்குப் பெரும்பாலும் இந்த வகைதான். சிக்கல் என்னவென்றால், இந்தச் சாயத்தை நீரிலிருந்து நாருக்குத் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். ஒரு லிட்டர் சாயநீருக்கு 50 கிராம், கறுப்பு போன்ற அடர்நிறமானால் அதற்கும் மேல். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். அதாவது கறுப்பு லெக்கிங்ஸ் பிறக்கும் தொட்டி வங்காள விரிகுடாவைவிடக் கரிப்பு. உப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரோடு போய்விடும், ஒட்டாத சாயத்தோடு.

போன இடம் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. 1980-களில் திருப்பூரின் ஏற்றுமதி வளர்ந்தபோது சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி முடித்தார்கள். அணையில் தேங்கியது சாயக்கழிவு. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. கிணறு உப்பானால் விவசாயி நஷ்டமடைகிறார் என்று செய்தித்தாள் எழுதும். அதே கிணற்றில்தான் பெண்கள் சோற்றுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் இறைத்தார்கள் என்பது செய்தியில் வராது. குடத்தோடு கூடுதலாக எத்தனை தூரம் நடந்தார்கள் என்பதற்கு நஷ்ட ஈட்டுப் பட்டியலில் பத்தி கிடையாது.

விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்றது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. இது வெற்றிதான். ஆனால் சாயம் போடாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. பனியன் கம்பெனிகளில் கைமடி, பிசிர் வெட்டுதல், செக்கிங் என்று நாள்கூலிக்கு நின்ற பெண்களுக்கும் வேலை குறைந்தது. பட்டறைகளில் ஒரு பகுதி வேறு மாவட்டங்களுக்கு நகர்ந்தது. துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் இந்த வழக்கில் எங்கேயும் பிரதிவாதியாக நிற்கவில்லை. ஒரு சட்டைக்கு இவ்வளவுதான் தருவேன் என்று விலையை முடிவு செய்தவர்கள் அவர்கள்.

தாம்பரத்திலிருந்து திருப்பூர் தொலைவு என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரையே பாருங்கள். குரோம்பேட்டை என்பது அங்கிருந்த குரோம் லெதர் தோல் கம்பெனியால் வந்த பெயர்; குரோமியம் தமிழ்நாட்டில் ஓர் ஊருக்கே பெயராகிவிட்டது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணி பகுதித் தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. கேணி என்றால் கிணறு. பெயரிலேயே கிணற்றை வைத்திருக்கும் ஊரில் கிணற்றுநீரை நம்பிக் குடிக்க முடியாமல், லாரித் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. குடங்களுக்குப் பின்னால் நின்றது யார் என்று சொல்லத் தேவையில்லை.

தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் காலை ரயிலிலிருந்து இறங்கும் பெண்கள் பலர் மெப்ஸ் வளாகத்துக்குள் போகிறார்கள். 1984-இல் ஏற்றுமதி மண்டலமாகத் தொடங்கிய வளாகம் அது. ஆயத்த ஆடை கம்பெனிகளும் அதனுள் உண்டு. தமிழ்நாட்டில் தையல் தொழிலின் குறைந்தபட்சக் கூலி பல ஆண்டுகள் அசையாமல் கிடந்து, 2014-இல்தான் உயர்த்தப்பட்டது. முதலாளிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போக, 2016-இல் உயர்வு செல்லும் என்று தீர்ப்பானது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மலிவு என்பது எந்திரத்தின் சாமர்த்தியத்தால் வருவது குறைவு. தையல் எந்திரம் நூறாண்டுகளில் பெரிதாக மாறிவிடவில்லை. இன்றும் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு பெண்ணின் கை துணியை நகர்த்த வேண்டியிருக்கிறது. குறைத்தது கூலியையும் தண்ணீரின் விலையையும்தான்.

போட்டு முடித்த துணி எங்கே போகிறது? தானமாக என்பது நம் வழக்கமான பதில். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி போனது. மீனவப் பெண்கள் அதைத் தொட மறுத்தார்கள். சாலையோரமெல்லாம் துணிக் குவியல். அள்ளிப் போடுவது நிர்வாகத்துக்குத் தனி வேலையாயிற்று. கடலில் எல்லாம் இழந்தவர்களுக்கும் அடுத்தவர் அழுக்குத் துணி வேண்டாம் என்று சொல்லும் மானம் உண்டு என்பது அனுப்பியவர்களுக்கு உறைக்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, நாங்கள் தெருவில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தோம். வேனில் வந்த மூட்டைகளைப் பிரித்தால் ஜிகினா வைத்த பாலியஸ்டர் சுடிதார்கள், பாதிக்கு ஜிப் இல்லை. நனைந்த வீட்டைத் துடைக்கக்கூட அவை உதவவில்லை; பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது. மூன்றாம் நாள் மூட்டைகளோடு குப்பை வண்டியில் ஏறின.

குப்பை வண்டி எங்கள் பக்கம் கன்னடபாளையம் மேட்டுக்குப் போனது. சென்னையின் தென்பகுதிக் குப்பை பெருங்குடிக்கு, அதாவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள். 2022-இல் அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் தகுதி பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்து, பல நாள் புகைந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலையும் நடந்தது. எரியக்கூடிய பிளாஸ்டிக், துணியெல்லாம் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போயின. பாலியஸ்டரும் பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக்தான். அது தூளியாகாது, திரியாகாது. ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகளை உதிர்த்து, சாக்கடை வழியாக ஏரிக்கு அனுப்புவது ஒன்றுதான் அதன் மறுபிறவி.

பிளாஸ்டிக் உறையை விற்ற நிறுவனமே அதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. பிரான்ஸ் 2007-இலேயே துணிக்கும் அப்படிச் சட்டம் கொண்டுவந்தது. இங்கே துணியின் கடைசிப் பொறுப்பு இன்றும் அதை மடித்து வைக்கிற பெண்ணிடம் இருக்கிறது. மேடைகளில் "பெண்களே, துணி வாங்குவதைக் குறையுங்கள்" என்று பேச அழைக்கும்போது நான் போவதில்லை. கூலி, சாயக்கழிவு, வாங்குபவரின் கொள்முதல் விலை பற்றிப் பேசலாம் என்றால் போகிறேன். மாணவிகளிடம் ஒன்றே ஒன்று கேட்பதுண்டு: வீட்டில் இருப்பதிலேயே பழைய துணி எது, அது இப்போது என்னவாக இருக்கிறது என்று எழுதிவரச் சொல்வேன். அறுபது பேரில் பத்துப் பேராவது அம்மாவிடமும் ஆயாவிடமும் கேட்டு நான்கு பக்கம் எழுதிவருகிறார்கள். நான் படித்த நல்ல உரைநடையில் சில அந்தத் தாள்களில் இருக்கின்றன.

எங்கள் தெருவுக்குப் பாத்திரக்காரம்மா கடைசியாக வந்தது போன தை மாதம். பதினொரு துணி எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்து, மூன்று நூல்புடவைகளை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். "மத்ததெல்லாம் பாலிஸ்டரும்மா. கரித்துணிக்குக்கூட ஒருத்தரும் வாங்க மாட்டேங்குறாங்க. நான் தூக்கிக்கிட்டுப் போயி எங்க போடுறது?" என்றார். மூன்று புடவைக்கு ஒரு சின்ன வடிதட்டு கொடுத்தார்.